என் பேரில் ஓடும் சிவப்புக் காரும் அதன் இரண்டு டர்போவும்

1

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது நாலு பேர். பெற்றது மூன்று, நாலாவது என் நாத்தனார் மகள், தாயை இழந்து ஆறு மாதக் கைக்குழந்தையாக என் மடிக்கு வந்தவள். நாலு பேரையும் ஒரே சட்டிச் சோற்றில்தான் வளர்த்தேன். இதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. படிப்பு என்று பார்த்தால் எங்கள் ஊர் பரளச்சிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதற்குள்ளே எழுத்துக் கூட்டப் பழகிவிட்டேன். மிச்சத்தைப் பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பேர்களைப் பார்த்துப் படித்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எழுதித் தர வேண்டுமாம். பாளையம்பட்டியில் கடை வைத்திருக்கும் என் மூத்த மகன் போனில் சொன்னான்: "அங்க பொழப்பு எப்படி இருக்குன்னு நாலு வரி எழுது ஆத்தா. எல்லாரும் டாக்டரு, இஞ்சினியருன்னு எழுதுறாக. ஒன்னைய மாதிரி ஆளு எழுதுனாத்தான் படிப்பாக."

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்துக்கு ஒரு மணி நேரம் தள்ளி. கடைசி மகன் பாண்டி வீடு. இந்த ஆடியோடு வந்து பதினொரு வருஷம். குளிரைப் பற்றி எழுதலாம், குப்பைத் தொட்டி மூன்று நிறத்தில் இருப்பதைப் பற்றி எழுதலாம் என்று நோட்டைத் திறந்தேன். ஆனால் ஒன்றரை மாதமாக என் மண்டைக்குள் உட்கார்ந்திருப்பது ஒரு காரும், அந்தக் காரின் வயிற்றில் இருக்கிற இரண்டு சாமான்களும்தான். வேறொன்றும் எழுத வரவில்லை. அதனால் அதையே எழுதுகிறேன். பாதி என் கையெழுத்து. கை கடுத்தபோது நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதினாள்.

காரைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். அந்தக் கார் என் பேரில் இருக்கிறது.

நம் பக்கத்தில் முதல் வண்டி வாங்கினால் அம்மா பேரில் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். மூத்தவனின் லோடு வண்டியும் என் பேரில்தான். முன்கண்ணாடிக்கு மேலே என் பேரை மஞ்சள் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறான். பாண்டி மட்டும் இங்கே வந்து சம்பாதித்து வாங்கிய காரைத் தன் பேரிலேயே பதிந்துகொண்டான். இரண்டு தடவை இடித்தான். நான் வந்து சேர்ந்த முதல் மாதமே என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போய் என் பேருக்கு மாற்றிவிட்டான். அதன் பிறகு ஒரு கீறல் விழவில்லை. அம்மா ராசி என்று அவன் சொல்கிறான். "வயசாயிருச்சு, அதான் மெதுவா ஓட்டுறாக" என்று செல்வி சொல்கிறாள். எப்படியோ, இரண்டு தேசத்தில் இரண்டு வண்டிக்கு நான் சொந்தக்காரி. சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

2

கார் சிவப்பு. ஜப்பான்காரன் செய்தது. என் பேத்தி கயலுக்கு இருபத்திரண்டு வயது. கார் அவளுக்கு மூத்தது. தரையோடு தரையாகக் கிடக்கும். ஏறுவது என்று சொல்ல முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். பின்னால் இரண்டு சீட் இருக்கிறது, அதில் தேங்காய் மூட்டை வைக்கலாம், மனுசர் உட்கார முடியாது. இதைப் போய் ஏன் வாங்கினாய் என்று முன்பு கேட்டிருக்கிறேன். "ஸ்போர்ட்ஸ் காரு ஆத்தா" என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

ஆனி மாதம் இங்கே குளிர்காலம். ஒருநாள் காலையில் பாண்டி வண்டியைக் கிளப்பினான். பின்னால் நீலமாகப் புகை வந்தது. தெருவே மறைந்துவிட்டது. வாசலுக்கு வந்த செல்வி, "அத்தை, கொசு மருந்து வண்டி வந்துருச்சு, மூக்கப் பொத்திக்கங்க" என்றாள். பாண்டி சிரிக்கவில்லை. எண்ணெய் எரிகிறது என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது.

இவர்கள் வழக்கமாக வண்டியைக் காட்டுவது நிக்கோ என்ற கிரேக்கரிடம். எழுபதைத் தாண்டியவர். என்னை மம்மா என்று கூப்பிடுவார். நான் அவருக்கு அக்கா முறைதான் ஆவேன், ஆனாலும் திருத்துவதில்லை. பாண்டியும் கயலும் போனபோது, சொந்தக்காரி வர வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். அவர் இரண்டு சாமான்களைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். நத்தை ஓடு மாதிரி சுருண்டு, இரும்பில், கைக்கு ஒன்றாகத் தூக்கலாம். அதுதான் டர்போ.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இன்ஜின் வெளியே விடுகிற புகை சும்மா போகாமல் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது. அந்தச் சக்கரத்தின் தண்டில் மறுபக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கிறது. கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி. ஆனால் இந்தத் துருத்தியை அடுப்புப் புகையே ஊதுகிறது. தண்டு சுற்றுகிற வேகத்தைச் சொன்னார்கள், நான் நம்பவில்லை. இந்தக் காரில் அப்படி இரண்டு. ஒன்றில் தண்டு ஆட்டம் கண்டு எண்ணெய் கசிகிறது. மற்றது நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் கூட்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது, ஜோடியாகத்தான் செய்ய வேண்டும் என்றார் நிக்கோ. வண்டி மாட்டில் ஒன்று கிழடு, ஒன்று இளசு பூட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்தானே. அது எனக்கு உடனே புரிந்தது.

அதற்குப் பிறகுதான் குழப்பம். இரண்டு வழி இருந்தது. ஒன்று, இந்தப் பழைய இரண்டையும் பிரித்து, உள்ளே புதுச் சாமான் போட்டு, வெடிப்பை வெல்டிங் வைத்து, திரும்ப மாட்டுவது. வெல்டிங் நிற்கலாம்; நிற்காமலும் போகலாம். இன்னொன்று, இவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைவிடப் பெரிசாக இரண்டு புதுசு மாட்டுவது. வண்டி இன்னும் பாயும். ஆனால் அதற்கு அரசாங்க ஆபீசில் காகிதம் வாங்க வேண்டும், இன்ஜினில் மாற்றம் செய்திருக்கிறேன் என்று வண்டியின் சொந்தக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நிக்கோ என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். கயல் மொழிபெயர்த்தாள்: "அப்பத்தா, நீங்க என்ன சொல்றேன்னு கேக்குறாரு."

அவள் தமிழ் அப்படித்தான். நீங்களும் நீயும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் திருத்துவேன்.

3

யாருக்கு எது வேண்டும் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோற்றின் முன்னால்தான் வெளியே வந்தது.

கயலுக்கு அடிலெய்டில் வேலை கிடைத்திருக்கிறது. வேறு மாநிலம். காரில் ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும். ஆவணி பிறந்ததும் சேர வேண்டும். இந்தக் காரை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவள் ஆசை. சின்ன வயதிலிருந்து பாண்டியே சொல்லியிருக்கிறான், இது ஒருநாள் உனக்குத்தான் என்று. பத்து வயதிலிருந்து ஞாயிறானால் அப்பனும் மகளும் இந்தக் காருக்கு அடியில்தான் கிடப்பார்கள். நாலு கால் மட்டும் வெளியே தெரியும்.

பழைய டர்போவையே சரிசெய்தால் அவள் கொண்டுபோகலாம். பெரிசு போட்டால் முடியாது. இன்ஜினை மாற்றிய வண்டிக்கு, இருபத்தைந்து வயதுக்குள் இருக்கிறவர் ஓட்டினால், இன்சூரன்ஸ் கிடையாது என்று கேட்ட இடத்தில் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் இங்கே வண்டியை வாசல் தாண்டி எடுக்கப் பயப்படுவார்கள்.

ஆக, பழசு என்றால் கார் பேத்தியோடு போகும். புதுசு என்றால் கார் மகனோடு இருக்கும். இதுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

"ஒரிஜினலாவே இருக்கட்டும்ப்பா" என்றாள் கயல். "பழசையே சரி பண்ணிரலாம்."

"வெடிச்ச இரும்ப ஒட்டவச்சு எத்தன நாள் ஓட்டுவே?" என்றான் பாண்டி.

"நிக்கோ நல்லா வெல்டிங் பண்ணுவாரு."

"நிக்கோவுக்கே இப்ப ரெண்டு மூட்டுலயும் வெல்டிங் வைக்கணும்."

"பெரிசு போட்டா கிளட்ச் தாங்காது."

"கிளட்ச் மாத்துவோம்."

"அப்புறம் கியர்பாக்ஸ் தாங்காது."

"அதையும் மாத்துவோம்."

"அப்புறம் இன்ஜின். எல்லாத்தையும் மாத்துனா அப்ப இது எந்தக் காருப்பா?"

பாண்டி எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனான். செல்வி, "ரெண்டு பேரும் சும்மா இருங்க. வித்துட்டா அந்த எடத்துல ஒரு பாத்தி கீரை போடலாம்" என்றாள். அவள் மதுரைக்காரி. எந்தச் சண்டைக்கும் மூன்றாவது கட்சி ஒன்றை ஆரம்பித்துவிடுவாள்.

கை கழுவிவிட்டு வந்த பாண்டி சொன்னான்: "வண்டி ஆத்தா பேருல இருக்கு. ஆத்தா சொல்லட்டும்."

கயலும், "ஆமா, அப்பத்தா சொல்லட்டும்" என்றாள்.

அன்று மத்தியானத்திலிருந்து அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட என் வழியாகத்தான் கேட்டார்கள். காரியம் பெரிசாகிவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

4

இந்த மாதிரி ஒரு யோசனையை நான் முன்பே ஒரு தடவை யோசித்திருக்கிறேன்.

பரளச்சியில் எங்கள் கரிசலுக்கு நடுவே ஒரு கிணறு உண்டு. அதில் அஞ்சு குதிரைச் சக்தி மோட்டார். அது உள்ளே சுற்றியிருக்கிற கம்பி, காயில் என்பார்கள், கருகிக் கருகி நின்றது. என் வீட்டுக்காரர், காயில் கட்டி அலுத்துவிட்டது என்று, ஏழரைக் குதிரை மோட்டாராகப் புதுசு வாங்கி வந்தார். அருப்புக்கோட்டையிலிருந்து லோடு வண்டியில் மாலை போட்டு வந்தது. முதல் நாள் தண்ணீர் பாய்ந்த வேகத்தில் வாய்க்கால் உடைந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஊத்து அதே ஊத்துதானே. அரை மணி நேரத்தில் கிணறு வற்றிச் சேற்றை இழுத்தது. இழுத்து இழுத்து அடுத்த வருஷம் ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

இதைக் கயலிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, அதான் நான் சொல்றேன்."

ஆனால் கதை அதோடு முடியவில்லை. எங்கள் கிணற்றுக்குத் தெற்கே என் கொழுந்தன் கிணறு. அவர் பழைய மோட்டாரையே ஏழெட்டுத் தடவை காயில் கட்டி ஓட்டினார். மிளகாய்ச் செடி காயும்போதெல்லாம் மோட்டார் கடையில் கிடக்கும். தண்ணீர் இருந்தும் செடி செத்தது. அவரும் முன்னுக்கு வரவில்லை. இதைப் பாண்டியிடம் சொன்னேன். அவனுக்கும் சந்தோஷம். "சித்தப்பா பண்ணது கிறுக்குத்தனம் ஆத்தா. அதத்தான் இப்ப கயலும் பண்ணச் சொல்றா."

இரண்டும் நடந்த கதைதான். என் கண்ணால் பார்த்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

5

அதனால் சாமியிடம் விட்டேன்.

நம் பக்கத்தில் முடிவு தெரியாத காரியத்துக்குப் பூக்கட்டிப் பார்ப்போம். பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்றால், வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வோம். வருகிற பூதான் உத்தரவு. குலசாமி கோயிலில் செய்ய வேண்டியது. இங்கே நம் அய்யனார் படம் மாட்டியிருக்கிற சாமி அலமாரி முன்னால் செய்தேன். அரளி கிடையாது. வேலியோரம் பூத்திருந்த கமேலியாவில் வெள்ளையும் சிவப்புமாகப் பறித்தேன்.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர்களின் நாலு வயதுப் பெண் குழந்தையைச் செல்வி கூட்டி வந்தாள். எல்லோரும் நின்றார்கள். பேசாத அப்பனும் மகளும் ஒரே அறையில் நின்றதே எனக்குப் பெரிசாகப் பட்டது. நான் கண்ணை மூடிக் கும்பிட்டுப் பொட்டலங்களைப் போட்டேன். குழந்தை ஒன்றை எடுத்தது. பிரித்தேன். சிவப்பு.

பாண்டி, "முடிஞ்சது. செவப்பு. புதுசுதான்" என்றான்.

"எப்படி?" என்றாள் கயல். "நம்ம காரு செவப்பு. இருக்கிற மாதிரியே இருக்கட்டும்னுதான அர்த்தம்?"

"ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையா?" என்றாள் செல்வி. "எங்க ஊருல செவப்பு வந்தா வேணாம்னு அர்த்தம். ரெண்டும் வேணாம். வித்துருங்க."

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "ஆத்தா, நீ எதுக்கு எந்தப் பூவுன்னு நெனச்சுக் கட்டுனே?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் எதையும் நினைத்துக் கட்டவில்லை. வெள்ளை வந்தால் நல்லது, சிவப்பு வந்தால் கொஞ்சம் பொறு, இப்படிக் கட்டித்தான் எனக்குப் பழக்கம். செய்யலாமா வேண்டாமா என்று கேட்டே பழகிய கை. இதுவா அதுவா என்று கேட்கத் தெரியவில்லை. கேள்வியே கேட்காமல் சாமியிடம் பதில் வாங்கியிருக்கிறேன். நாற்பது வருஷமாக ஊருக்கே பூக்கட்டிக் கொடுத்தவள் நான். வெட்கமாகப் போய்விட்டது.

குழந்தை இரண்டாவது பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்து, பூவைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டது.

6

பாண்டி அந்தச் சிவப்பையே பிடித்துக்கொண்டு என்னை ஆபீசுக்குக் கூட்டிப் போனான். இன்ஜினை மாற்றுவதற்கான காகிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். நம்பர் சீட்டு வாங்கி உட்கார்ந்தோம். இங்கே ஆபீசில் யாரும் யாரையும் முந்த மாட்டார்கள், சத்தம் போட மாட்டார்கள். அதனாலேயே எனக்குப் பயமாக இருக்கும்.

எங்கள் நம்பர் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண். காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பக் காகிதத்தைப் பார்த்தாள். இந்தக் காரை இந்த அம்மா ஓட்டுகிறாரா என்று கேட்டாளாம். "இல்ல, சொந்தக்காரின்னு சொல்லு" என்றேன். பாண்டி சொன்னான். அவள் யாருக்கோ போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தாள். தமிழ் பேசும் ஒரு அம்மாளின் குரல் வந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்.

"வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர் கதைக்கிறன். நான் கதைக்கிறது விளங்குதோ?"

"விளங்குது தாயி. சொல்லு."

"உங்கட வாகனத்திண்ட இயந்திரத்தை மாத்தப் போறியளாம். இது உங்கட சம்மதத்தோடையோ எண்டு இவை கேக்கினம்."

"அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அந்த அம்மாள் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். பிறகு, "அம்மா, ஆராவது உங்களை வற்புறுத்தினமோ?"

"வற்புறுத்தாம இருப்பாகளா? எம் மகன்தான்" என்றேன். நம் வீட்டில் அது ஒரு சாதாரணப் பேச்சு. மகன் வற்புறுத்தாமல் பக்கத்து வீட்டுக்காரனா வற்புறுத்துவான்? ஆனால் அந்த அம்மாள் அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பாண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். காகிதத்தை மடித்து எங்களிடமே தள்ளிவிட்டாள். அம்மாவுக்குச் சம்மதமானால் அம்மாவே ஒருநாள் வரட்டும் என்று சொல்லி அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் பாண்டி நின்றுவிட்டான்.

"ஏன் ஆத்தா அப்படிச் சொன்னே? அந்தப் பிள்ள என்னையக் களவாணி மாதிரி பாக்குது."

"கேட்டாக, சொன்னேன். ஒனக்கு அம்பது வயசாச்சு. இன்னும் எதுக்குப்பா இந்த வேகம்?"

"வேகம் யாருக்கு வேணும்?" என்றான். காரின் மேல் கை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினான். அது செல்வியின் கார், வெள்ளை. "வண்டியக் குடுத்தா அவ போயிருவா."

"குடுக்காட்டியும் போவா. ஏரோப்ளேன் இருக்கு."

"ஏரோப்ளேன்ல போனா வண்டியப் பாக்கவாவது வருவா. மாசம் ஒருக்க வந்து அடியில படுப்பா. வண்டியும் கூடப் போயிட்டா இங்க வாரதுக்கு அவளுக்கு என்ன இருக்கு? செல்வி வைக்கிற கறிக்கொழம்பா? எல்லாரும் வாரேன் வாரேன்னுதான் சொல்லிட்டுப் போறோம். போனவன் நான் திரும்பி வந்தேனா?"

யாரிடம் சொல்கிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கதவைத் திறந்தான். என்னை உட்காரவைத்து, சீட்டு பெல்ட்டை அவனே இழுத்து மாட்டிவிட்டான். 

இந்த இடத்தை நான் சொல்லும்போது செல்விதான் எழுதிக்கொண்டிருந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து எழுதினாள்.

7

மறுநாள் காலையில் கயல், நிக்கோவிடமிருந்து பழைய டர்போ ஒன்றை வாங்கி வந்து, கழுவி, சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து வைத்தாள். என் விரலைப் பிடித்து உள்ளே தண்டின் நுனியில் வைத்தாள்.

"ஆட்டிப் பாருங்க அப்பத்தா. ஆட்டம் இருக்கா?"

"இருக்கு."

"கொஞ்சந்தான் இருக்கு. இந்த ஆட்டத்த எடுத்துரலாம்."

பல் ஆடுகிற மாதிரிதான் இருந்தது. சக்கரத்தின் இதழ்கள் அவ்வளவு மெல்லிசு. இதுவா இத்தனை பெரிய வண்டியை ஓட்டியது என்று இருந்தது. நான் கேட்டேன்: "நல்ல வேலைக்குப் போறே. சம்பளம் வரும். அங்க போயி நல்ல காரா ஒண்ணு வாங்கிக்கயேன். ஒங்க அப்பன்கிட்ட இத விட்டுட்டுப் போ. என்ன கெட்டுப்போச்சு?"

அவள் அந்தத் தண்டை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அப்பாவும் நானும் பேசுறது இது மட்டுந்தான் அப்பத்தா. என் வேலை என்னன்னு அவருக்குத் தெரியாது. அவரு ஊரு எனக்குத் தெரியாது. ரெண்டு தடவ போயிருக்கேன், எல்லாரும் கன்னத்தக் கிள்ளுனாங்க, அவ்வளவுதான். இது பழசு. மாசம் ஒண்ணு உடையும். உடைஞ்சா நான் அப்பாக்குத்தான் போன் பண்ணணும். அவரு சத்தத்தக் கேட்டே சொல்லிருவாரு எதுன்னு. புதுசு போட்டு இது இங்கயே நின்னுச்சுன்னா, நான் எதுக்குப் போன் பண்றது? சாப்பிட்டீங்களான்னா?"

"இத அவன்கிட்டச் சொன்னியா?"

"சொல்ல வரல. இங்கிலீஷ்ல சொன்னா சண்டை மாதிரி இருக்கு. தமிழ்ல சொன்னா அழுகை வருது."

 மகன் சொன்னதை இவளிடம் சொல்லலாமா? என்னை நம்பிச் சொன்னது. இவள் சொன்னதை அவனிடம் சொல்லலாமா? இதுவும் என்னை நம்பிச் சொன்னது. நான்கு பேரை வளர்த்தபோது ஒருவன் ரகசியத்தை இன்னொருவனிடம் சொன்னதில்லை, அதனால்தான் நாலு பேரும் என்னிடம் வந்தார்கள். அந்தப் பழக்கம் இப்போது வாயைக் கட்டிப்போட்டது. "டீ போடவா?" என்று கேட்டேன். அவள் அந்த இரும்பைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

8

பாண்டி இங்கே வந்த பிறகு, நான் வந்து சேரும் வரை நடுவில் பதினைந்து வருஷம். ஞாயிறு காலையில் போன் வரும். நான் குளித்து, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் போன் பக்கத்தில் உட்காருவேன். சாப்பிட்டியா என்று நான் கேட்பேன். மழை பெய்ததா என்று அவன் கேட்பான். நம் பூமியில் அதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். அதற்குப் பிறகு மூன்றாவது கேள்வி எங்கள் இரண்டு பேருக்குமே இருந்ததில்லை. "வச்சிரவா ஆத்தா" என்பான். வச்சிரு என்பேன். வைத்த பிறகு, இதைக் கேட்டிருக்கலாமே, அதைச் சொல்லியிருக்கலாமே என்று அடுத்த ஞாயிறு வரைக்கும் யோசிப்பேன். ஞாயிறு வந்தால் மறந்துவிடும்.

நிக்கோ அனுப்பிய காகிதத்தில் இரண்டு கட்டம் இருந்தது. மேலே இருப்பது பழசைச் சரிசெய்ய, கீழே இருப்பது புதுசு போட என்று செல்வி விரல் வைத்துக் காட்டினாள். நான் மேலே இருந்த கட்டத்தில் கோடு போட்டு, கீழே தமிழில் என் பேரை முழுசாக எழுதினேன். வெல்டிங் நின்றால் வண்டி ஓடும். நிற்காவிட்டால், அவள் அங்கேயிருந்து அப்பனுக்குப் போன் பண்ணுவாள். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. நடு ரோட்டில் பிள்ளை நிற்கக்கூடாதுதானே. ஆனாலும் போட்டுவிட்டேன்.

சரியா தப்பா என்று கேட்காதீர்கள். டர்போ பற்றித் தெரிந்தவர்கள் இந்த மலரைப் படித்தால் பெரிசுதான் நல்லது என்று சொல்வார்களோ என்னவோ. எனக்கு இன்னமும் குழப்பம்தான்.

பாண்டியிடம் காகிதத்தைக் கொடுத்தேன். பார்த்தான். மடித்துப் பையில் வைத்தான். மூன்று நாளாக என்னோடும் பேச்சில்லை. நிக்கோவிடம் கொடுத்துவிட்டான் என்பது மட்டும் தெரிந்தது. இன்று சனிக்கிழமை. காலையிலிருந்து வெளியே கொட்டகையில், டர்போ இல்லாமல் இழுத்து வந்து நிறுத்தியிருக்கிற கார் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இருக்கிற ஸ்பானரை எல்லாம் துடைத்து இரண்டு பங்காக வைத்துக்கொண்டிருக்கிறான்.

இதை ஊருக்கு அனுப்பலாமா, கூடாதா என்று தெரியவில்லை. பிள்ளைகள் என்னிடம் தனியாகச் சொன்னதை எல்லாம் எழுதிவிட்டேன். இதுவரை செய்யாத காரியம். வாயால் சொல்லவில்லை, எழுதத்தானே செய்தேன் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

கயலு, இங்க வா தாயி. இந்த நோட்டைப் பிடி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அத்தனை வருஷம் போனாயே, எழுத்துக் கூட்டி வாசி, எனக்கு ஒன்றும் அவசரமில்லை. முதலிலிருந்து வாசி. ஆறாவதும் ஏழாவதும் வரும்போது அழுகை வந்தாலும் நிறுத்தாதே, குரலையும் இறக்காதே. கொட்டகைப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்.